நெத்தி சுருக்கத்துக்கு போடாக்ஸ்: சென்னைல போட்டுக்கிட்ட அனுபவம், யூனிட் கணக்கோட

முதல்லயே விலைய சொல்லிடறேன், எப்படியும் எல்லாரும் கடைசில அதத்தான் கேக்கப் போறீங்க. போடாக்ஸ்ங்கறது சுருக்கம் விழ வைக்கற தசைய கொஞ்ச நாளைக்கு அசைய விடாம பண்ற ஊசி மருந்து, அத யூனிட் கணக்குலதான் அளப்பாங்க. எனக்கு புருவத்துக்கு நடுவுல 20 யூனிட், நெத்தில 8 யூனிட், மொத்தம் 28. யூனிட் 350 ரூபா. 9,800 ஆச்சு, அதுக்கு மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி 1,764, கூட்டினா 11,564. டாக்டர் ஃபீஸ் 700 தனி. இன்சூரன்ஸ்ல பைசா வராது, அழகுக்காக பண்றதுக்கு பாலிசி குடுக்க மாட்டாங்க, கேட்டு மூக்கறுபட வேணாம். இது நான் குடுத்த ரேட்டு, உங்க ஏரியாவுல உங்க டாக்டர்கிட்ட முன்ன பின்ன இருக்கும்.

கிளினிக் பேரு போடல. போட்டா காசு வாங்கிட்டு எழுதறேன்னு சொல்வீங்க. அது போக இந்த விஷயத்துல கிளினிக்கோட பேரோ மருந்தோட பேரோ பெருசா உதவாது, ஊசிய கையில வச்சிருக்கறவங்க எங்க குத்தக்கூடாது எவ்ளோ போடக்கூடாதுன்னு தெரிஞ்சவங்களாங்கறதுக்குத்தான் நாம காசு குடுக்கறோம். ஏன் இப்படி சொல்றேன்னு கீழ படிச்சா புரியும்.

எனக்கு 46 வயசு, பேங்க்ல லோன் செக்‌ஷன்ல வேலை. வெயில்ல கூலிங் கிளாஸ் போடாம வருஷக்கணக்கா ஸ்கூட்டி ஓட்டி, கண்ணாடி போட்டா வயசாயிடுச்சுன்னு சொல்லிடுவாங்கன்னு ஸ்கிரீன்ல சின்ன எழுத்த உத்து உத்துப் பாத்து, புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு நட்டுக்குத்தலா விழுந்துடுச்சு, நெத்தில மூணு கோடு படுக்கையா. படுக்கைக் கோடு கூட பரவால்ல. அந்த நடு கோடுதான் கஷ்டம், நான் பாட்டுக்கு சும்மா ஃபைல் படிச்சிட்டு இருப்பேன், எதிர்ல உக்காந்திருக்கறவரு "மேடம் இன்னைக்கு மூடு சரியில்ல போல, நாளைக்கு வரேன்"னு பேப்பர சுருட்டிட்டு எந்திரிச்சிடுவாரு. எனக்கு ஒரு கோவமும் இருக்காது, லன்ச்சுக்கு என்ன கொண்டு வந்தோம்னு யோசிச்சிட்டு இருப்பேன். மூஞ்சி மட்டும் சிடுசிடுன்னு இருக்கும்.

சரி விசாரிப்போம்னு எங்க தெரு முனை பார்லர்ல கேட்டேன். "போடாக்ஸ் பண்றோம்க்கா, முடி தோளுக்குக் கீழயா மேலயா?"ங்கறாங்க. அது ஹேர் போடாக்ஸாம், முடிய வழவழன்னு ஆக்கறதுக்கு தடவுற கிரீம், அதுல இந்த ஊசி மருந்து ஒரு துளி கூட கிடையாது. அதே கேஸுதான் இன்ஸ்டாகிராம்ல வர்ற ஊசியில்லா போடாக்ஸ், போடாக்ஸ் சீரம் எல்லாம். இந்த மருந்து போய் வேலை செய்ய வேண்டியது தோலுக்குக் கீழ இருக்கற தசைகிட்ட, மேல தடவற சீரம் அங்க வரைக்கும் போகாது. சீரத்துல ஈரப்பதம் கிடைக்கும், தோல் கொஞ்சம் பளபளன்னு இருக்கும், அவ்ளோதான், அதுக்கு அந்தப் பேர வச்சு ரெண்டாயிரம் ரூபா வாங்கறாங்க.

அடுத்து போனது பெரிய எடம், கண்ணாடி கதவு, உள்ள நுழைஞ்சதும் ஒரு கிரீன் டீ. வெள்ளை கோட்டு போட்ட பொண்ணு வந்து உக்காந்துச்சு, டாக்டர்னு நெனச்சு பேச ஆரம்பிச்சா கவுன்சிலராம். நெத்தி ஒரு ஏரியா, புருவ நடு ஒரு ஏரியா, கண்ணோரம் ஒரு ஏரியா, மூணும் சேத்து எடுத்தா ஆஃபர், ஆனா இன்னைக்கே அட்வான்ஸ் கட்டணும்.

"எத்தன யூனிட் போடுவீங்க?"

"அது உங்க ஸ்கின்ன பொறுத்து மேம்."

"என்ன பிராண்ட்?"

"இம்போர்ட்டட் மேம்."

"யாரு போடுவாங்க?"

"எங்க எக்ஸ்பர்ட் டீம் மேம்."

லோன் செக்‌ஷன்ல இருக்கறவகிட்ட இந்த மாதிரி பதில் சொன்னா நான் அப்ளிகேஷன திருப்பி அனுப்பிடுவேன். அதோட விட்டாங்களா, நடு கோடு ஆழமா இருக்கு, ஃபில்லர் போட்டு ரொப்பிடலாம்னு வேற சொல்லுச்சு அந்தப் பொண்ணு. இத கொஞ்சம் கவனமா கேட்டுக்கோங்க. போடாக்ஸ் வேற ஃபில்லர் வேற. போடாக்ஸ் தசைய கொஞ்ச நாளைக்கு அசைய விடாம பண்ற மருந்து, ஃபில்லர்ங்கறது குழிய ரொப்பற ஜெல். புருவ நடுவுல ஓடற ரத்தக் குழாய்ங்க கண்ணுக்குப் போற குழாயோட சேந்து இருக்கறதால, ஜெல் தப்பித் தவறி குழாய்க்குள்ள போயிட்டா பார்வையே போகலாம், அந்த மாதிரி கேஸ் உலகம் பூரா பதிவாகியிருக்கு, ஃபில்லர் போடறதுக்கு முகத்துலயே ரொம்ப ரிஸ்க்கான எடங்கள்ல அது ஒண்ணு. அத ஒரு கவுன்சிலர் பொண்ணு கிரீன் டீ குடுத்துட்டு காம்போ ஆஃபர்ல சேத்து விக்குது. எந்திரிச்சு வந்துட்டேன்.

அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தி, அவளுக்கு மங்கு பாத்த டாக்டர்னு சொல்லி ஒரு எடம் சொன்னா. மெடிக்கல் ஷாப்புக்கு மேல மாடி, லிஃப்ட் கிடையாது, படிக்கட்டுல பாதி தூரத்துக்கு செருப்பு. போர்டுல எம்டி டிவிஎல்னு படிப்பும் ரிஜிஸ்டர் நம்பரும் இருந்துச்சு. அந்த நம்பர தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் வெப்சைட்ல போட்டுப் பாத்தேன், நீங்களும் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. எம்டி டிவிஎல், டிடிவிஎல், டிஎன்பி டெர்மட்டாலஜி இதெல்லாம் தோல் டாக்டர் படிப்பு. பிளாஸ்டிக் சர்ஜனும் போடலாம். காஸ்மெட்டாலஜி சர்டிஃபிகேட் கோர்ஸ்னு ஃப்ரேம் போட்டு மாட்டி வச்சிருக்கறது டாக்டர் படிப்பு இல்ல.

டாக்டரம்மாவுக்கு அம்பது தாண்டி இருக்கும், மூஞ்சில அவங்களுக்கே நாலு சுருக்கம், அதுவே எனக்குப் பிடிச்சிருந்தது. "என்னம்மா தொந்தரவு?"ன்னு சாதாரணமா கேட்டாங்க. புருவத்த சுருக்கச் சொன்னாங்க, ஆச்சரியப்படற மாதிரி தூக்கச் சொன்னாங்க, சிரிக்கச் சொன்னாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபோட்டோ. அப்புறம் ஒண்ணு பண்ணாங்க பாருங்க, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். கண்ண மூடச் சொல்லி, நெத்திய தளர்த்தி விடச் சொல்லி, அவங்க விரல புருவத்துக்கு மேல அழுத்தி வச்சுக்கிட்டு "இப்ப புருவத்த தூக்காம கண்ண மட்டும் திறங்க"ன்னாங்க. திறந்தா பாதிதான் திறந்த மாதிரி இருக்கு. மேல ஒரு தட்டி விழுந்து மறைக்குது. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு.

"பயப்படாதீங்க, வயசாக ஆக எல்லாருக்கும் மேல் இமை லேசா எறங்கும். அது தெரியாம நீங்க நாள் பூரா நெத்திய தூக்கித் தூக்கித்தான் பாத்துட்டு இருக்கீங்க. இந்த மூணு கோடும் அதுல வந்ததுதான்"னு சொன்னாங்க.

விஷயம் என்னன்னா புருவத்த மேல தூக்கறதுக்கு இருக்கறது நெத்தி தசை ஒண்ணே ஒண்ணுதான், ஃப்ரன்டாலிஸ்னு பேரு. கீழ இழுக்கறதுக்கு மட்டும் புருவ நடுவுலயும் கண்ண சுத்தியும் பல தசை இருக்கு. அந்த ஒத்த தசையையும் ஊசி போட்டு முழுசா கட்டிப் போட்டா நெத்தி கண்ணாடியாட்டம் ஆயிடும், கோடு ஒண்ணும் இருக்காது, ஆனா புருவம் எறங்கி கண்ணு மேல உக்காந்துக்கும், சாயந்தரம் ஆனா கண்ணு கனக்குதுன்னு வந்து நிப்போம், மருந்து தானா எறங்கற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. கம்பெனி லேபிள்ல நெத்திக்கு 20 யூனிட், அஞ்சு எடத்துல நாலு நாலு யூனிட்டா, அதோட புருவ நடுவுக்கு இன்னொரு 20 யூனிட்டுன்னுதான் போட்டிருக்கு. எனக்கு அந்தம்மா நெத்திக்கு 8தான் போடுவேன்னுட்டாங்க, அதுவும் மேல் பக்கமா, புருவத்துக்குக் கிட்ட வரமாட்டேன்னு. "கோடு முழுசா போகாதும்மா, கொஞ்சம் மிச்சம் இருக்கும், சம்மதமா? முழுசா போகணும்னா நான் போடல, வேற எங்கயாவது பாத்துக்கோங்க." யூனிட்டுக்கு யூனிட் காசு வாங்கறவங்க கம்மியா போடறேன்னு சொல்றாங்கன்னா நம்பலாம்னு தோணுச்சு. கண்ணாடிக் கதவு எடத்துல ஏரியா கணக்கு, அதுல எவ்ளோ போட்டாலும் எவ்ளோ தண்ணி கலந்தாலும் காசு ஒண்ணுதான், நமக்கும் தெரியாது.

நெத்திக்கு மட்டும் போடுங்க நடுவுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னா கூட அவங்க ஒத்துக்கல. தூக்கற தசைய மட்டும் தளத்திட்டு இழுக்கற தசைங்கள அப்படியே விட்டா அதுங்க பாட்டுக்கு புருவத்த கீழ இழுத்துடும், அதனாலதான் லேபிள்லயே ரெண்டையும் சேத்துப் போடச் சொல்லியிருக்கு. புருவ நடுவுக்கு மட்டும் போட்டா பிரச்சன இல்ல, அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ முதல்ல 2002ல அழகுக்குன்னு பெர்மிஷன் குடுத்ததே அந்த எடத்துக்கு மட்டும்தான், நெத்திக் கோட்டுக்குக் குடுத்தது 2017ல.

இந்த மருந்தோட பூர்வீகம் கேட்டா கொஞ்சம் ஷாக்கா இருக்கும். கெட்டுப் போன கறி, சரியா பதப்படுத்தாத டின் சாப்பாட்டுல வளர்ற ஒரு பாக்டீரியா விடற விஷம் இது, மனுஷனுக்குத் தெரிஞ்ச விஷத்துலயே ரொம்பக் கொடிய விஷம்னு சொல்லுவாங்க. ஒரு 100 யூனிட் குப்பில இருக்கற மருந்து நானோகிராம் கணக்குதான். முதல்ல இது மாறுகண்ணுக்கும், கண்ணு இமை தானா வெட்டி வெட்டி மூடிக்கற வியாதிக்கும்தான் வந்துச்சு, சான் ஃப்ரான்சிஸ்கோ கண் டாக்டர் ஆலன் ஸ்காட் பல வருஷம் வேலை செஞ்சு 1989ல பெர்மிஷன் வாங்கினாங்க. கனடாவுல வான்கூவர்ல ஜீன் கரதர்ஸ்னு ஒரு கண் டாக்டர், அவங்க இமை வியாதிக்கு ஊசி போட்டுட்டு இருந்த பேஷன்ட் ஒருத்தங்க புருவ நடுவுல ஏன் போடலன்னு கேட்டுருக்காங்க, அங்க போட்டா முகம் கவலையில்லாம இருக்காம். ஜீனோட வீட்டுக்காரர் அலஸ்டேர் தோல் டாக்டர், ரெண்டு பேருமா சேந்து ஆராய்ச்சி பண்ணி 1992ல பேப்பர் போட்டாங்க. இன்னைக்கும் நாள்பட்ட மைக்ரேனுக்கு, அக்குள் வியர்வைக்கு, ஸ்ட்ரோக் வந்து இறுகிப் போன கைக்கு எல்லாம் இதே மருந்துதான். எங்க மாமியார்கிட்ட விஷ ஊசின்னு மட்டும் யாரோ சொல்லிட்டாங்க, அதுக்கு ஒரு வாரம் வீட்ல பாட்டு.

இப்ப அந்த யூனிட் கணக்குக்கு வரேன். ஊசி போட்டது இன்சுலின் சிரிஞ்சுல, ஆரஞ்சு மூடி போட்டது. எங்கம்மாவுக்கு தெனம் இன்சுலின் போடறது நான்தான், அதனால அந்த சிரிஞ்சு கோடெல்லாம் எனக்கு அத்துப்படி. டாக்டரம்மா 10 கோடு வரைக்கும் ஏத்தறாங்க, நாலு யூனிட்டுங்கறாங்க. நான் விடுவேனா, "டாக்டர் அது பத்துல இருக்கே"ன்னேன். சிரிச்சிட்டு விளக்கமா சொன்னாங்க. சிரிஞ்சுல போட்டிருக்கற யூனிட் இன்சுலினுக்கான கணக்கு, நூறு கோடு சேந்தா ஒரு எம்எல். போடாக்ஸ் பவுடரா வரும், 100 யூனிட் குப்பில 2.5 எம்எல் சலைன் கலந்தா ஒவ்வொரு 0.1 எம்எல்லயும் 4 யூனிட். ஆக பத்து கோட்டுக்கு நாலு யூனிட். இதுவே 5 எம்எல் கலந்திருந்தா அதே பத்து கோட்டுல ரெண்டு யூனிட்தான் இருக்கும், பாக்க தண்ணி மாதிரி ஒண்ணாதான் இருக்கும். அதனால "ஒரு சிரிஞ்ச் இவ்ளோ"ன்னு யாராவது ரேட் சொன்னா அதுக்கு அர்த்தமே இல்ல. கூட கலக்கறது தப்புன்னு இல்ல, சில டாக்டர்ங்க வேணும்னே அப்படி பண்ணுவாங்க, ஆனா யூனிட் எத்தனன்னு சொல்லணும்.

பிராண்டுக்கு பிராண்ட் யூனிட்டும் வேற. போடாக்ஸ்ல புருவ நடுவுக்கு 20ன்னா டிஸ்போர்ட்ங்கற இன்னொரு பிராண்ட்ல 50, ரெண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான் செய்யும். டிஸ்போர்ட் யூனிட்டுக்கு ரேட் கம்மின்னு சந்தோஷப்பட்டா யூனிட் அதிகமா ஆகும், கணக்கு பாத்தா கிட்டத்தட்ட வந்து நிக்கும். டிஸ்போர்ட்ல பசும்பால் புரதம் கலந்திருக்கலாம், பால் அலர்ஜி இருக்கறவங்களுக்கு அது ஆகாது. கொரியா பிராண்டும் நம்ம ஊருக்கு வருது, மோசம்னு சொல்ல மாட்டேன், பேரு சொல்லித் தரணும் அவ்ளோதான். பொட்டியக் காட்டுங்கன்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க. எனக்கு நர்ஸ் ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்துட்டு வந்து காட்டுச்சு, குப்பி ரொம்ப சின்னது, உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், அடில லேசா வெள்ளையா ஒரு படிவு. சலைன் ஊசிய ரப்பர் மூடில குத்தினதும் அவங்க அழுத்தாமயே தண்ணிய உள்ள இழுத்துக்கிச்சு, உள்ள வேக்கம் இருக்கறதால அப்படி, இழுக்கலன்னா அந்த குப்பிய தூக்கிப் போட்டுடணுமாம். பேட்ச் நம்பர என் ஃபைல்ல எழுதினாங்க. லேபிள் படி கலந்த மருந்த ஃப்ரிட்ஜுல வச்சு 24 மணி நேரத்துக்குள்ள யூஸ் பண்ணிடணும், அதனால இவங்க சனிக்கிழமைன்னு ஒரு நாள் வச்சு எல்லாரையும் வரச் சொல்றாங்க. எப்ப கலந்ததுன்னு கேக்கறதுல தப்பே இல்ல. அமெரிக்காவுலயே 2024ல போலி போடாக்ஸ் போட்டு கண்ணு மங்கி, முழுங்க முடியாம ஆஸ்பத்திரில சேந்திருக்காங்க, அரசாங்கமே எச்சரிக்கை விட்டுச்சு. நம்ம ஊர்ல யாரோ வீட்டுக்கே வந்து பாதி ரேட்டுக்கு போடறாங்கன்னு கேள்விப்பட்டேன், கும்பிடு போட்டுடுங்க.

ஊசி வலி பத்தி. மரத்துப் போற கிரீம் வேணுமான்னு கேட்டாங்க, அரை மணி நேரம் கூட ஆகும்னதால வேணாம்னுட்டேன், கையுறைக்குள்ள ஐஸ் போட்டு ஒத்தடம் குடுத்தாங்க. வெள்ளை பென்சில்ல புள்ளி வச்சாங்க, மறுபடி புருவத்த சுருக்கச் சொல்லிப் பாத்து ரெண்டு புள்ளிய அழிச்சு கொஞ்சம் மேல வச்சாங்க. ஊசி மெல்லிசு. புருவ நடுவுல முதல் குத்து சுருக்குன்னு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, மத்ததெல்லாம் எறும்பு கடி ரேஞ்சுதான். ஆனா நெத்தில குத்தும்போது நறுக்குன்னு ஒரு சத்தம் உள்ள கேக்கும், எலும்பு பக்கத்துலயே இருக்கறதால அப்படி கேக்குதாம், யாரும் முன்னாடியே சொல்லாததால எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, அதான் சொல்லி வைக்கறேன். அஞ்சு நிமிஷம் கூட ஆகல. குத்தின எடமெல்லாம் சின்னச் சின்னதா வீங்கி இருந்துச்சு, படி எறங்கி ஸ்கூட்டிகிட்ட வர்றதுக்குள்ள பாதி அமுங்கிடுச்சு. ஹெல்மெட் நெத்திய அழுத்தும்னு அன்னைக்கு ஆட்டோலதான் போகச் சொன்னாங்க, ஸ்கூட்டிய அங்கயே விட்டுட்டு வந்தேன்.

அப்புறம் செய்யக்கூடாததுன்னு ஒரு பட்டியல் குடுப்பாங்க, நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, நெத்திய தேய்க்கக் கூடாது, அன்னைக்கு ஜிம் வேணாம் அப்படின்னு. நம்ம வீட்டுக்கு அது பத்தாது. நான் கேட்டு வாங்கினத சொல்றேன். எண்ணெய் தேச்சு குளிக்கறது, தலைய அழுத்தி மசாஜ் பண்றது ஒரு வாரம் வேணாம், வெள்ளிக்கிழமை வந்தாலும் வேணாம். த்ரெட்டிங் முன்னாடியே முடிச்சிட்டுப் போங்க, அப்புறம் ஒரு வாரம் பார்லர் பக்கம் போகாதீங்க, ஃபேஷியல் கண்டிப்பா கூடாது. குங்குமம் வைக்கலாம் ஆனா கட்டை விரலால அழுத்தித் தேய்க்காதீங்க. அன்னைக்கு விசேஷத்துக்குப் போயி பெரியவங்க கால்ல விழுந்து எந்திரிக்கற வேலை வச்சுக்காதீங்க, தலைகீழா குனியறத தவிர்க்கச் சொல்றாங்க. மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டா ரத்தக்கட்டு வரும்னு முன்னாடியே நிறுத்தச் சொன்னாங்க. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை டாக்டர் எழுதிக் குடுத்து சாப்பிடறவங்க நீங்களா நிறுத்திடாதீங்க, ஹார்ட் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, ஒரு நீலக் கறைக்காக அத விடக்கூடாது.

வயித்துல குழந்தை இருக்கறவங்க, பால் குடுக்கறவங்களுக்கு போட மாட்டாங்க. மயஸ்தீனியா மாதிரி தசை பலவீன வியாதி இருக்கறவங்க, ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கறவங்க கண்டிப்பா முன்னாடியே சொல்லணும். முழுங்க கஷ்டம், மூச்சு வாங்கறது, குரல் மாறுறது இதெல்லாம் அழகுக்குப் போடற அளவுல ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்கு போகணும்.

ரிசல்ட்? மொத ரெண்டு நாள் ஒண்ணுமே தெரியாது, காசு போச்சுன்னு தோணும், லேசா தலைவலி மட்டும் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு புருவத்த சுருக்கறேன், சுருங்க மாட்டேங்குது. கட்டளை போகுது, வேலை நடக்கல, விசித்திரமான ஃபீலிங். நரம்புல இருந்து தசைக்கு சேதி கொண்டு போற அசிட்டைல்கோலின்ங்கற சாமானத்த வெளிய விடாம இந்த மருந்து அடைச்சிடுது, அதான் காரணம். முழு எஃபெக்ட் தெரிய ரெண்டு வாரம் ஆகும். நடு கோட்டுல ஒண்ணு சுத்தமா போயிடுச்சு, இன்னொண்ணு ஆழமானது, சும்மா இருக்கும்போதே தெரியறது, அது மெல்லிசு ஆச்சு, ஆனா போகல. அசைஞ்சா மட்டும் வர்ற கோட்டுக்குத்தான் போடாக்ஸ் ஜோரா வேலை செய்யும், ஏற்கனவே மடிஞ்சு பதிஞ்சு போன கோட்ட கொஞ்சம் தணிக்கும். அதுக்கு தெனம் சன்ஸ்கிரீனும் ராத்திரி ரெட்டினாய்டு கிரீமும் எழுதிக் குடுத்தாங்க, அது மாசக்கணக்குல வேலை செய்யறது, பொறுமை வேணும்.

நெத்தில அவங்க சொன்ன மாதிரியே கோடு லேசா மிச்சம். ஆனா புருவம் தூக்க முடியுது, கண்ணு கனக்கல, ஆச்சரியப்பட்டா ஆச்சரியம் தெரியுது. எங்க சொந்தத்துல ஒருத்தங்க வேற எங்கயோ போட்டுட்டு வந்திருந்தாங்க, நெத்தி மொழுமொழுன்னு அழகா இருந்துச்சு, ஆனா கல்யாண வீடியோ பூரா தூக்கக் கலக்கத்துல உக்காந்திருக்கற மாதிரியே இருந்தாங்க. எனக்கு வந்த ஒரே கோளாறு வலது புருவம் வால் பக்கம் மட்டும் மேல ஏறிக்கிச்சு, மூஞ்சில எப்பவும் ஒரு "அப்படியா?" இருந்துச்சு, என் மேனேஜர் ரெண்டு நாள் என்கிட்ட பேசறப்ப தடுமாறினாரு. ஓரத்துல தசை கொஞ்சம் வேலை செஞ்சிட்டு இருந்தா அப்படி ஆகுமாம். ரெண்டு வாரம் கழிச்சு செக்கப்புக்கு போனப்ப அந்த எடத்துல ஒரே ஒரு யூனிட் போட்டாங்க, காசு வாங்கல, நாலஞ்சு நாள்ல எறங்கிடுச்சு. அதனால ரெண்டு வாரம் கழிச்சு பாக்கறது ஃபீஸ்ல சேருமான்னு முன்னாடியே கேளுங்க, சேராதுன்னா அந்த எடம் வேணாம். அதுக்கு முன்னாடி பதறிப் போயி ஓடாதீங்க, ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல புடிக்காது.

இமை ஒரு பக்கம் தொங்கிப் போறதுதான் எல்லாரும் பயப்படறது. மருந்து புருவ நடுவுல இருந்து எறங்கி இமைய தூக்கற தசைக்குப் போயிட்டா அப்படி ஆகும். சில வாரத்துல தானா சரியாயிடும், அது வரைக்கும் ஆப்ராகுளோனிடின்னு ஒரு கண் சொட்டு மருந்து குடுப்பாங்க, அது வேற ஒரு தசைய தூண்டி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தூக்கி விடும். எனக்கு வரல, ஆனா வரலாம்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க.

குறைன்னு சொல்லணும்னா கிளினிக்ல வெயிட்டிங் கொடும. பதினோரு மணி அப்பாயின்ட்மென்ட்னு சொல்லிட்டு ஒண்ணரை மணி நேரம் உக்கார வச்சாங்க, ஃபேன் சத்தத்துல கூப்பிடற பேரும் கேக்காது. பார்க்கிங் இல்ல. ஜிபேல கட்டினேன், பில்லு கேட்டப்ப அடுத்த வாட்டி வாங்கிக்கோங்கன்னு ரிசப்ஷன்ல இழுத்தாங்க, ஜிஎஸ்டி வாங்கிட்டு பில்லு இல்லன்னா எப்படின்னு நின்னு வாங்கிட்டுத்தான் வந்தேன், பில்லுல பிராண்டும் யூனிட்டும் எழுதச் சொல்லி அதுவும் எழுதி வாங்கினேன், நீங்களும் வாங்கிக்கோங்க.

மூணு மூணரை மாசம் வந்துச்சு. அதுக்கப்புறம் புருவம் மெல்ல சுருங்க ஆரம்பிச்சுடுச்சு, இப்ப பழைய அளவுக்கு முக்கால்வாசி வந்தாச்சு. நிறுத்தினா முன்ன விட மோசமாயிடும்னு சொல்றதெல்லாம் கதை, பழையபடிக்கு வரும், அவ்ளோதான். மூணு மாசத்துக்குள்ள மறுபடி மறுபடி போட்டா உடம்பு எதிர்ப்பு உண்டாக்கி மருந்து புடிக்காம போக வாய்ப்பு இருக்காம், அதனால சீக்கிரமா டாப் அப் பண்ணிக்கோங்கன்னு ஆஃபர் மெசேஜ் வந்தா கண்டுக்காதீங்க. வருஷத்துக்கு மூணு தடவன்னா முப்பத்தஞ்சாயிரம் கிட்ட ஆகும், பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்ற வருஷத்துல அது சின்ன காசு இல்ல. நான் அடுத்த வாட்டி புருவ நடுவுக்கு மட்டும் போட்டுக்கலாம்னு இருக்கேன். 20 யூனிட் 7,000, ஜிஎஸ்டியோட 8,260. நெத்திக் கோடு கண்ணுக்குத் தேவைப்படுது, இருந்துட்டுப் போகட்டும்.

கவுன்டர்ல என்ன மாற்றம்னு கேட்டா, எந்திரிச்சு ஓடறவங்க கொறஞ்சிருக்காங்க. நெஜமா கோவம் வந்தா மட்டும் இப்ப குரல ஒசத்த வேண்டியிருக்கு, முன்னல்லாம் ஒரு பார்வையே போதும். வீட்ல எங்க வீட்டுக்காரர் பத்து நாள் பாத்துட்டு "எனக்கும் போடலாமா, கேட்டுப் பாரேன்"ன்னாரு. செக்கப்புக்கு போனப்ப கேட்டேன். ஆம்பளைங்களுக்கு தசை பெருசு, யூனிட் அதிகமா ஆகும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எவ்ளோன்னு கேட்டாரு, சொன்னேன், அப்புறம் அந்தப் பேச்ச எடுக்கவே இல்ல.